ஒரே சட்டியில் ஓர் இரவுணவு

நம் இல்லங்களில் நாள்தோறும் தவறாது எழுகின்ற வினா ஒன்று உண்டு. "இரவைக்கு என்ன சமைப்பது?" என்பதே அது. ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் அணைத்திருக்கும் நாவற்குடாவிலும், கல்லடியிலும், ஆரையம்பதியிலும், பட்டணத்திலும் மாலை ஆறு மணியானதும் இவ்வினா வீட்டுக்கு வீடு எழும். காலையில் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ சென்ற தாய் அப்பொழுதுதான் வீடு திரும்பியிருப்பாள். பிள்ளைகள் தனியார் வகுப்பிலிருந்து பசியோடு வந்து நிற்பார்கள். பிட்டு அவிப்பதாயின் மா குழைக்கவேண்டும், தேங்காய் துருவவேண்டும், அதற்கொரு கறியும் வைக்கவேண்டும். இடியப்பமாயின் சொதியும் சம்பலும் இன்றி இறங்காது. அடுப்பிலே மூன்று பாத்திரம், கழுவும் தொட்டியிலே ஏழு பாத்திரம் என்று பொழுது போய்விடும்.

இந்த வினாவுக்கு எளிய விடையொன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். மக்கரோனியையும் அரைத்த இறைச்சியையும் ஒரே சட்டியிலிட்டு, அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடிய பொழுதில் ஆக்கி முடிக்கும் இரவுணவே அது. சமையற் குறிப்பு எழுதுவதற்கு ஆசிரியன் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். அடுப்பங்கரையைப் போன்ற விஞ்ஞான கூடம் வேறெங்கே உண்டு? அன்றியும், இவ்வுணவில் ஒரு வீட்டின் நீதியும் அடங்கியிருக்கின்றது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஒரே பாத்திரத்தில் முழு உணவையும் ஆக்குவது நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழில் மா, மீன், இறால், நண்டு, பயிற்றங்காய், கீரை யாவும் ஒரே பானைக்குள் ஒன்றாகின்றன. தைப்பொங்கல் ஒரே பானையில் பொங்குவது. நமக்கு அயலூராகிய காத்தான்குடியில் நோன்பு மாதத்திலே காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியும் அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வாசனைச் சரக்குகளும் ஒரே பெரும் பாத்திரத்தில் கூடி முடிவதேயாம். ஆகவே, வேறு வேறு பொருளை ஒன்றாக வேகவைத்தால் ஒன்றின் சாரம் மற்றொன்றில் ஏறும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

மக்கரோனியின் வரலாறும் சுவையானது. சீனத்திலிருந்து மார்க்கோ போலோ என்னும் பயணி இதனை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அவர் நாடு திரும்பியது 1295-ஆம் ஆண்டில். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னரே, 1154-ஆம் ஆண்டில், அல் இத்ரீசி என்னும் அராபியப் புவியியலறிஞர், சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கு அண்மையிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' எனப்படும் மாவிழைகள் பெருவாரியாகச் செய்யப்பட்டுப் பிற நாடுகளுக்குக் கப்பலேறியதை எழுதிவைத்திருக்கின்றார். உலர்ந்த மாப்பண்டம் நெடுநாள் கெடாதிருக்கும், கடற்பயணத்திற்கு ஏற்றது. அதுவே அது உலகெங்கும் பரவியதற்குக் காரணம்.

அரைத்த மாட்டிறைச்சி, தக்காளி, மக்கரோனி ஆகிய மூன்றையும் ஒரே சட்டியில் ஆக்குவது அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கம். சிறு வருவாயுள்ள வீடுகளிலும் சிறிதளவு இறைச்சியைக் கொண்டு பல வாய்களை நிறைவிக்க இவ்வழி உதவிற்று. 1971-ஆம் ஆண்டில் அங்கே இறைச்சி விலை ஏறியிருந்த வேளையில், ஒரு இறாத்தல் அரைத்த இறைச்சியோடு ஒரே தாச்சியில் சேர்த்துச் சமைப்பதற்கான பெட்டியுணவொன்றை ஜெனரல் மில்ஸ் என்னும் நிறுவனம் நாடெங்கும் விற்கத் தொடங்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. நமக்கு அந்தப் பெட்டி வேண்டுவதில்லை. நம் அஞ்சறைப் பெட்டியே போதும்.

இனிச் செய்முறையைக் காண்போம். நால்வருக்குப் போதுமான அளவு இது. மக்கரோனி 250 கிராம், அரைத்த இறைச்சி 250 கிராம், பெரிய வெங்காயம் 2, நன்கு பழுத்த தக்காளி 3, உள்ளி 5 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு நெட்டு, ரம்பை ஒரு துண்டு, கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அளவாக, சுடுநீர் முக்கால் லீற்றர், கட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர், தேசிக்காய் பாதி, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி.

அடி தடித்த அகன்ற சட்டியொன்றில் எண்ணெயைச் சூடாக்கி, அரிந்த வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் ரம்பையையும் இட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். பின் நசுக்கிய உள்ளியும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேருங்கள். மணம் எழுந்ததும் இறைச்சியைப் போட்டு, அகப்பையால் கட்டிகளை உடைத்துக்கொண்டே, சிவப்பு நிறம் முற்றாக மாறி நீர் வற்றும் வரை வறுங்கள். இவ்விடத்தில் அவசரம் ஆகாது. நீர் வற்றிய பின்னரே இறைச்சி பழுப்பேறும். பழுப்பேறினாலன்றிச் சுவை பிறவாது.

அடுத்துக் கறித்தூள், மஞ்சள், மிளகு, உப்பு ஆகியவற்றைத் தூவி அரை நிமிடம் கிளறி, நறுக்கிய தக்காளியைச் சேர்த்துக் குழைய விடுங்கள். இனி மக்கரோனியைக் கழுவாமல் அப்படியே கொட்டி, சுடுநீரை ஊற்றி, அடியிலிருந்து ஒருமுறை கிளறுங்கள். நீர் மக்கரோனியை மூடிநின்றால் போதும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை திறந்து அடிப்பிடியாமல் கிளறுங்கள். பத்து அல்லது பன்னிரண்டு நிமிடத்தில் நீர் வற்றிக் குழம்பு தடிக்கும். கடையில் வாங்கும் மக்கரோனி எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கடினக் கோதுமையில் செய்தது மெதுவாக வேகும். சாதாரண மாவில் செய்தது விரைவில் குழையும். ஆதலால் எட்டாம் நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பது நன்று. வேகுமுன் நீர் வற்றிவிட்டால் சிறிது சுடுநீர் தெளிக்கலாம்.

இறுதியில் கீரையையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து, மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள். பால் சேர்த்தபின் பலமாகக் கொதிக்கவிட்டால் தக்காளிப் புளிப்பினால் அது திரைந்துபோகும். தேசிப்புளியை இறக்கிய பின்னரே விடுங்கள். ஐந்து நிமிடம் மூடிவைத்துப் பின் பரிமாறினால் எஞ்சிய நீரையும் மக்கரோனி உறிஞ்சிக்கொண்டு பதமாக இருக்கும்.

"மாட்டிறைச்சி எங்கள் வீட்டு வாசற்படி ஏறாதே" என்று சைவ வாசகர் கூறுவது எனக்குக் கேட்கின்றது. எங்கள் வீட்டிலும் அது ஏறுவதில்லை. ஆனால் முறை ஒன்றே, பொருளை மாற்றிக்கொள்ளலாம். மாட்டிறைச்சி உண்போர் அதனைக் கொண்டு செய்யட்டும். மற்றையோர் ஆட்டிறைச்சியோ கோழியிறைச்சியோ அரைத்துக் கொள்ளலாம். மரக்கறி உண்போர்க்கு 90 கிராம் சோயாமீற் பைக்கற்று ஒன்று போதும். அதனைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இருமுறை பிழிந்து, கையால் உதிர்த்து, இறைச்சி சேர்க்குமிடத்தில் சேர்க்கவேண்டும். சோயாமீற் என்பது எண்ணெய் நீக்கிய சோயா மாவை அழுத்திச் செய்வது. உலர்ந்த நிலையில் ஏறக்குறைய பாதிப் பங்கு புரதமாகும். பைக்கற்றில் உப்பும் சுவையூட்டியும் சேர்ந்திருப்பின் நாம் இடும் உப்பைக் குறைக்கவேண்டும். அவித்த பயறோ கடலையோ இட்டாலும் குறைவில்லை. வாவி இறால் கிடைத்த நாளில் அதனைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் சேருங்கள். முன்னரே இட்டால் இறப்பர் போலாகிவிடும்.

அரைத்த இறைச்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. முழுத் துண்டு இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளெல்லாம் கலந்துவிடுகின்றன. ஆகவே அரைத்த மாட்டிறைச்சியின் உட்பகுதியும் 71 பாகை செல்சியசு வெப்பத்தை அடையவேண்டும் என்பர். நம் முறையில் இறைச்சி முதலில் வறுபட்டுப் பின் பத்து நிமிடத்திற்கு மேல் கொதிப்பதால் இவ்விதி தானே நிறைவேறும். வாங்கிய அன்றே சமையுங்கள்; மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் விடியும் வரை வெளியில் வைத்து உண்பது ஆபத்தாகும்.

இனி, மாணவர்களுக்கு உரிய பகுதிக்கு வருவோம். மக்கரோனியைப் பெருநீரில் அவித்து வடித்துவிட வேண்டும் என்றுதானே பொதிகளில் அச்சிட்டிருக்கின்றது? நாம் ஏன் வடிக்கவில்லை? மாவுப்பொருள் சூடேறும்போது நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகும். அதில் ஒரு பகுதி நீரில் கரையும். வடித்துக் கொட்டுவோர் அந்தப் பசையையும் கொட்டிவிடுகின்றனர். பின் குழம்பு தடிக்க வேறு வழி தேடுகின்றனர். ஒரே சட்டியில் ஆக்கும்போது அப்பசையே இறைச்சிச் சாற்றையும் தக்காளிச் சாற்றையும் எண்ணெயையும் பிணைத்துக் குழம்பாக்குகின்றது. கழுவாமல் இடுக என்றதும், சுடுநீரை அளந்து விடுக என்றதும் இதன் பொருட்டே. கஞ்சியை வடிக்காமல் பொங்கும் பொங்கல் ஏன் தடிக்கின்றது என்று அறிந்தவர்க்கு இது விளங்கும்.

சமையல் விஞ்ஞானம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹரோல்ட் மக்கீ என்னும் அமெரிக்கர், 2009-ஆம் ஆண்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் இதே வினாவை எழுப்பினார். வழக்கமான நீரில் ஒரு சிறு பங்கே போதும் என்றும், குளிர்நீரிலிருந்தே தொடங்கலாம் என்றும் செய்துகாட்டினார். 2022-ஆம் ஆண்டில் இத்தாலியிலேயே பெரும் விவாதம் ஒன்று மூண்டது. உக்ரேன் யுத்தத்தினால் எரிவாயு விலை ஏறியிருந்த காலம் அது. 2021-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜோ பாரிசி என்பார், நீர் கொதித்து மாப்பண்டத்தை இட்டபின் அடுப்பை அணைத்து மூடிவைத்தாலும் அது வெந்துவிடும் என்னும் யோசனையை ஆதரித்தார். சமையல் வல்லுநர் சிலர் சினந்தெழுந்தனர். ரப்பர் போலாகிவிடும் என்றனர். எவ்வாறாயினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. நீர் மெல்லக் கொதித்தாலும் பாய்ந்து கொதித்தாலும் அதன் வெப்பம் ஏறக்குறைய 100 பாகைதான். பெருந்தீ மூட்டுவதால் ஆவிதான் கூடும், வேகம் கூடாது. மூடியே பாதி விறகு.

அதே 2022-ஆம் ஆண்டு நமக்கும் மறக்கக்கூடிய ஆண்டன்று. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாயிருந்த 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடையாமல் நாடெங்கும் வெற்றுக் கொள்கலன்களோடு மக்கள் வரிசையில் நின்றனர். பலர் மீண்டும் விறகு தேடினர். அன்று ஒரு சட்டியோடு நின்றுகொள்ளும் சமையல் எத்தனையோ வீடுகளுக்குக் கைகொடுத்தது.

மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 300 கிலோயூல் வெப்பம் வேண்டும். பெருநீர் முறையில் 250 கிராம் மக்கரோனிக்கு இரண்டரை லீற்றர். நம் முறையில் முக்கால் லீற்றர். மிஞ்சுவது 1.75 லீற்றருக்கான வெப்பம், அதாவது 525 கிலோயூல். ஒரு கிலோ எரிவாயுவிலிருந்து ஏறக்குறைய 46,000 கிலோயூல் பிறக்கும். அதில் பாதியே சட்டியைச் சேரும் என்று கொண்டால் நாம் மீதப்படுத்துவது சுமார் 23 கிராம். வாரத்தில் இருமுறை சமைத்தால் ஆண்டுக்கு 2.4 கிலோ, ஒரு கொள்கலனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. சிறுதுளிதான், எனினும் வீண் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் நண்பர்களே, மெய்யான சேமிப்பு எரிவாயுவில் இல்லை. அது மனிதரிடத்தில் இருக்கின்றது. முன்னர்க் கூறிய வீட்டின் நீதி என்பது இதுதான். பிட்டும் இடியப்பமும் கைப்பழக்கம் வேண்டுவன; அவற்றைச் செய்ய வல்லவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான். ஆகையால் அந்த ஒருவர் நோயுற்றாலும் களைத்தாலும் அடுப்புக்கு அவரே செல்லவேண்டியிருக்கின்றது. பெரும்பாலும் அவர் தாயாகவே இருப்பார். 2017-ஆம் ஆண்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெரும்பங்கு பெண்களின் தோளிலேயே கிடப்பதைக் காட்டிற்று. தாய்க்கு அடுத்து அந்தச் சுமை இறங்குவது மூத்த மகளின் தலையில். உயர்தரப் பரீட்சைக்குத் தம்பி மேசையில் இருந்து படிப்பான். அதே பரீட்சைக்கு அமரும் அக்காள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். படிக்கும் நேரம் மட்டும் ஒன்றன்று. இவ்வநீதியைக் கண்டும் காணாதார் போல் இருக்கின்றோம்.

ஒரே சட்டிச் சமையலுக்குக் கைப்பழக்கம் வேண்டுவதில்லை. அளவும் கடிகாரமும் போதும். பதினான்கு வயதுச் சிறுவன் இருமுறை பார்த்தால் மூன்றாம் முறை தானே செய்துவிடுவான். தந்தையார் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு வெங்காயம் உரித்தால் குடி முழுகிவிடாது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்லடிச் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பயின்று வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தம்பி தங்கையரும் கடைக் கொத்துக்கு நாள்தோறும் காசிறைப்பதை விட, நால்வர் கூடி ஒரு சட்டி வாங்குவது மேல். சமைக்கத் தெரிந்தவன் பிறர் கையை எதிர்பாரான். பிறர் உழைப்பின் அருமையையும் அறிவான்.

ஒரு மறுப்பு எஞ்சியிருக்கின்றது. "நெல் விளையும் மட்டக்களப்பில் கோதுமை எதற்கு?" என்பர். நியாயமான வினாவே. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை, முழுவதும் இறக்குமதி. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942-இல் பர்மா யப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, பங்கீட்டு உணவாகக் கோதுமை மா நம் வீடுகளில் வேரூன்றிற்று. 1980-ஆம் ஆண்டில் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் அது இன்னும் ஆழமாக ஊன்றிற்று. ஆதலால் இதனை நாள்தோறும் உண்க என்று நான் கூறவில்லை. வாரத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. மற்ற நாட்களில் இதே முறையிலேயே அரிசியையும் வறுத்த பயறையும் காய்கறியையும் ஒரே சட்டியில் இட்டு ஆக்கலாம். நீரைச் சிறிது கூட்டி நேரத்தை நீட்டினால் சரி. நீரிழிவு உள்ளோர் மக்கரோனியைப் பாதியாக்கிக் கீரையையும் பயற்றையும் இரட்டிப்பாக்கவேண்டும். கற்றுக்கொள்ள வேண்டியது முறையையே. மக்கரோனி அதற்கு ஒரு சாட்டு.

ஆகவே அன்னையரே, வருகின்ற வாரத்தில் ஒருநாள் அகப்பையை மகன் கையிற் கொடுத்துவிட்டு வெளித்திண்ணையில் அமருங்கள். சற்று அடிப்பிடிக்கலாம், உப்புக் கூடலாம். குறை கூறாமல் உண்ணுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் மகளை அன்று அடுப்பங்கரைப் பக்கம் அழையாதீர்கள். தந்தையரே, அன்று அந்த ஒரு சட்டியைக் கழுவும் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதானே!